சட்டைப் பையிலேயே இருந்த கண்ணாடி

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம், செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரி மலைக்குப் பின்பக்கம் இருக்கும் என் மூன்று ஏக்கர் நிலத்தில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

பத்து வயதில் கல் உடைக்கப் போனவன் நான். இன்றைக்குத் திண்டிவனம் ரோட்டில் சொந்தமாக ஹாலோ பிளாக் கம்பெனி வைத்திருக்கிறேன். இருபது வருடமாகச் செஞ்சியில் எழுந்த வீடுகளில் பாதி என் கல்லில்தான் நிற்கின்றன. பெருமைக்குச் சொல்லவில்லை, சுவரைத் தட்டிப் பார்த்தாலே தெரியும். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. சம்பாதிப்பதிலேயே காலம் போய், நாற்பத்தெட்டு வயதில்தான் கல்யாணம். மகள் பிறக்கும்போது ஐம்பத்து மூன்று.

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி சட்டையில் நான் கேட்டுக்குப் போனால், வாட்ச்மேன் மரியாதையாகத்தான் சொன்னான்.

"தாத்தா, நீங்க அந்த நெழல்ல உக்காருங்க. பாப்பாவோட அப்பா வந்ததும் உள்ள அனுப்பறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. என் மகளும் சிரித்தாள்.

அங்கேயே அவள் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வரும் வழியில் டீக்கடையில் நின்று, "எம் பொண்ணுக்கு இனிமே நான்தான் வாத்தியாரு" என்று நாலு பேர் கேட்கச் சொல்லியும் விட்டேன். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை.

என் மனைவி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். பிளஸ் டூ முடித்தவள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"சரி, சொல்லிக் குடுங்க. ஆனா மாசி மாசம் எங்கண்ணன் வந்து பாப்பாரு. அவரு சரின்னு சொன்னா உங்க இஷ்டம். இல்லன்னா ஜூன்ல மறுபடியும் ஸ்கூலு. அப்ப வாட்ச்மேன் தாத்தான்னு கூப்டாலும் சரி, கொள்ளுத் தாத்தான்னு கூப்டாலும் சரி, வாயத் தொறக்கக் கூடாது."

அவள் அண்ணன் திண்டிவனத்தில் இருக்கும் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். அவர் பேரைக் கேட்டால் பழைய மாணவர்கள் இன்னும் கைலியை இறக்கிவிட்டுக்கொள்வார்கள்.

அதற்கப்புறம் வந்த ஏழெட்டு மாதம் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். எங்களுக்கு மணியும் கிடையாது, பீரியடும் கிடையாது. மகள் சில நாள் ஐந்து மணிக்கே எழுந்துகொள்வாள். அன்றைக்கு ராஜகிரி ஏறுவோம். படியை எண்ணிக்கொண்டே போவோம். அவள் எண்ணிக்கையும் என் எண்ணிக்கையும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. சண்டை போட்டுக்கொண்டே இறங்குவோம். சில நாள் எட்டு மணி வரை தூங்குவாள், விட்டுவிடுவேன். கம்பெனியில் கல் எண்ணுவாள். மணலைக் கையில் பிடித்து, விரித்துப் பார்த்து, "நைனா, இதுல மண்ணு ஜாஸ்தி, லாரிய திருப்பி அனுப்பு" என்பாள். லாரிக்காரர்கள் என்னைவிட அவளுக்குத்தான் பயந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எங்களுக்கு இல்லை. மழை பெய்தால் லீவு.

இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஹெட்மாஸ்டர் வியாழக்கிழமை வருகிறார் என்று போன் வந்ததும்தான் எங்களுக்கு மணியே கிடையாது என்பது ஞாபகம் வந்தது. ஆனால் வாய் என் வாய் ஆயிற்றே. "வாங்க மச்சான், வந்து பாருங்க. பெரிய ஸ்கூலே தோத்துடும், அந்த மாதிரி டயத்துக்கு நடக்குது" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதற்கு ஒரு ஸ்கூல் வேண்டுமே. இரண்டே நாளில் கட்டினேன். நிலத்தில் மோட்டார் ஷெட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தில், டிராக்டர் கலப்பையில் இருந்த இரும்பு வட்டு ஒன்றைக் கழற்றித் தொங்கவிட்டேன். ஸ்பேனரால் தட்டினால் மேலைக் காடு வரை கேட்டது. கடை போர்டு எழுதுகிறவரைப் பிடித்து, எட்டுப் பீரியடு போட்டு டைம் டேபிள் எழுத வைத்தேன். "கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன், நீயே ஒரு வாட்டி படிச்சுக் காட்டு" என்று சொல்லிச் சரிபார்த்துக்கொண்டேன். மகளுக்கு வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை தைக்கச் சொன்னேன்.

"இன்னாங்க இது, ஒரு நாள் கூத்துக்கு வேஷமா?" என்றாள் மனைவி. ஆனாலும் தைத்துக் கொடுத்தாள். அண்ணன் முன்னால் மானம் போனால் அவளுக்கும்தானே போகும்.

மகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தேன். "மாமா கேட்டா, தெனம் ஒம்போது மணிக்கு பெல்லு அடிக்கும், பிரேயர் நடக்கும்னு சொல்லணும், இன்னா?"

"பொய் சொல்லணுமா நைனா?"

"பொய் இல்லம்மா. இன்னிலருந்து அப்டித்தான்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மணல் லாரியைப் பார்ப்பாளே, அதே பார்வை.

இங்கே இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த வாரம் எங்கள் பக்கத்துக் கரண்டு லைனில் வேலை நடந்துகொண்டிருந்தது. மோட்டார் ஓட த்ரீ பேஸ் கரண்டு வேண்டும். அது எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. என் நிலத்தில் மல்லாட்டை, மற்ற ஊரில் வேர்க்கடலை என்பார்கள், விழுது இறங்கும் பருவத்தில் இருந்தது. அந்த நேரம் ஈரம் இல்லாவிட்டால் விழுது மண்ணுக்குள் போகாது, காய் பிடிக்காது. கரண்டு வந்ததும் தானாக மோட்டாரை ஓட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருந்தேன். கோட்டைக் குரங்கு ஒன்று வந்து ஒயரை உருவிப் போட்டுவிட்டது. அதனால் ஷெட்டில் பேஸுக்கு ஒன்றாக மூன்று பல்பு மாட்டியிருந்தேன். மூன்றும் பளிச்சென்று எரிந்தால் ஓட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஹெட்மாஸ்டர் வந்தார். பாலிஷ் போட்ட செருப்பு, கையில் குடை, தோளில் துணிப்பை. டைம் டேபிளைப் படித்தார். வட்டைப் பார்த்தார். நான் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வட்டைத் தட்டி, "ரெண்டாம் பீரியடு, கணக்கு" என்றேன்.

"வரிசைக்கு எட்டுக் கல்லு, பன்னெண்டு வரிசை. எத்தினி?" என்று கேட்டார் அவர்.

"தொண்ணூத்தாறு மாமா. ஒடஞ்சத எண்ணலாமா, வாணாமா?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே மேலே கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. லோடு, யூனிட், நிழலைப் பார்த்து நேரம் சொல்வது, ஒன்றையும் விடவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "எல்லாம் நம்ம டிரெய்னிங்கு மச்சான். பெருமைக்குச் சொல்லல" என்றேன்.

"சரி மாப்ள. அடுத்த பீரியடு தமிழு தானே?" என்று துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு வாசிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

அந்த நொடியில் மூன்று பல்பும் எரிந்தன.

நான் ஓடினேன். டைம் டேபிள் எழுத வைத்தவன் நான், மணி கட்டியவன் நான், முதலில் வகுப்பை விட்டு ஓடியவனும் நான். எனக்குப் பின்னால் சிலேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மகள். நான் மோட்டாரைப் போட்டேன். அவள் புதுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர் வருவதற்குள் முதல் மடையைத் திறந்து நின்றாள். உண்மையைச் சொன்னால், அன்று கரண்டு பயிரைக் காப்பாற்ற வந்ததைவிட என்னைக் காப்பாற்ற வந்தது என்றுதான் நினைத்தேன்.

அரை மணி நேரம் தண்ணீர் பாய்ச்சினோம். ஹெட்மாஸ்டர் நாற்காலியில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். நான்கு தப்படி வைத்ததும் வரப்பு வழுக்கி, ஒரு கால் சேற்றில் முழங்கால் வரை போய்விட்டது. கால் வந்தது, செருப்பு வரவில்லை. என் மகள் படுத்துக்கொண்டு தோள் வரை கையை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். வெள்ளைச் சட்டை என்ன நிறம் என்று தைத்தவளாலும் சொல்ல முடியாது.

ஹெட்மாஸ்டர் சேற்றுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து அவளிடம் கேட்டார். "ஏம்மா, இந்த பெல்லு தெனமும் அடிக்குமா?"

"இல்ல மாமா. முந்தாநேத்து வரைக்கும் அது டிராக்டர்ல இருந்துச்சு."

நான் இரண்டு பாத்தி தள்ளி மடை மாற்றிக்கொண்டிருந்தேன். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்காத மாதிரி குனிந்துகொண்டேன். அவர் புத்தகத்தை அவள் மடியில் பிரித்து வைத்து, "இதுல ஒரு வரி படி பாக்கலாம்" என்றார். அவள் புத்தகத்தைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். புத்தகத்தை மூடினாள். பிறகு அவர் காதுக்குப் பக்கத்தில் போய் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

சரியாக அப்போது கரண்டு போயிற்று. மோட்டார் நின்றது. அத்தனை சத்தமும் ஒரே அடியாக அடங்கியதில், மூன்று ஏக்கருக்கும் அவள் குரல் கேட்டது.

"இது வாணாம் மாமா. நைனாவுக்கு இது வராது. அதனால நாங்க இந்தப் பக்கமே வர்றதில்ல. கண்ணாடி கொண்டாரலன்னு சொல்லுவாரு. ஆனா பாக்கெட்லயேதான் இருக்கும். நான் யார்கிட்டயும் சொல்லல."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றேன். கண்ணாடி அப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

கையெழுத்துப் போடுவேன், நம்பர் படிப்பேன், எழுத்துக் கூட்டி ஒரு சொல் இரண்டு சொல் படிப்பேன். அவ்வளவுதான். பாங்கிலும், ஆபீசிலும், பஸ் ஸ்டாண்டிலும் "கண்ணாடி கொண்டு வரவில்லை" என்று சொல்லியே நாற்பது வருடம் ஓட்டிவிட்டேன். கட்டின மனைவிக்குக்கூடத் தெரியாது என்று நினைத்திருந்தேன். மகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன் என்று, எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். தெரியாததைச் சுற்றிக்கொண்டு போனேன். அவளும் என் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றி வந்திருக்கிறாள்.

ஹெட்மாஸ்டர் என்ன சொல்வாரோ என்று நான் தலையைத் தூக்கவில்லை. அவர் செருப்பைக் கழுவிக்கொண்டே சொன்னார். "மாப்ள, கணக்குல நூறு மார்க்கு. தமிழ்ல ரெண்டு பேரும் பெயிலு."

மாலையில் வீட்டில் மனைவி, சேறு காய்ந்த மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்து, "இன்னா ஆச்சு?" என்றாள். ஜூன், ஸ்கூல், வாட்ச்மேன் எல்லாம் என் கண் முன்னால் வந்தது. ஹெட்மாஸ்டர் காபியைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"இந்த வருஷம் இப்டியே போவட்டும். கொழந்த நல்லாத்தான் கத்துக்குது. வாரத்துல ரெண்டு நாளு நான் பஸ்ல வரேன். தமிழு மட்டும் நான் பாத்துக்கறேன், ரெண்டு பேருக்கும்."

"ரெண்டு பேருன்னா?" என்றேன் தெரியாதவன் மாதிரி.

"உங்களுக்குந்தான்" என்றாள் மனைவி, தலை நிமிராமல். அவளுக்கு எத்தனை வருடமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

"எனக்கா? இந்த வயசுலயா? நான் யாரு தெரியுமில்ல?" என்று ஆரம்பித்தேன். மகள் என் பக்கத்தில் வந்து, இந்த முறையும் ரகசியமாகத்தான் சொன்னாள். "நைனா, மாமா வர்ற அன்னிக்கு கண்ணாடிய மறந்துடாத."

இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் எங்களுக்கு டைம் டேபிள் இல்லை. மாமா வந்தால் தமிழ், மூன்று பல்பு எரிந்தால் மூன்று பேரும் மடைக்கு. ஹெட்மாஸ்டர் இப்போதெல்லாம் வெறுங்காலோடுதான் வரப்பில் இறங்குகிறார். அந்த வட்டு மட்டும் வேப்பமரத்திலேயே தொங்குகிறது. த்ரீ பேஸ் வந்ததும் மகள் ஓடிப் போய் அதைத் தட்டுவாள், பக்கத்துக் காட்டுக்காரர்களும் எழுந்து ஓடுவார்கள்.

போன வருடம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் முதன்முதலாக நானே ஒரு போர்டைப் படித்தேன். மே, ல், ம, லை, ய, னூ, ர். மேல்மலையனூர். யாரையும் கேட்கவில்லை. ஆனால் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. "பரவால்ல நைனா, அடுத்த பஸ்லயும் அதே பேருதான் போட்டிருக்கும்" என்றாள் மகள்.

இதை நானே என் கையால் எழுதினேன். ஒன்பது நாள் ஆயிற்று. மகள் திருத்திக் கொடுத்தாள். இதை மட்டும் பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் மானத்தைக் காப்பாற்ற ஒரு ஆறு வயதுக் குழந்தை தான் படிக்க வேண்டியதையே ஒதுக்கி வைத்திருந்தது என்பதை நினைக்கும்போது மட்டும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.