கட்டிலுக்கு அடியில் வெர்னா ஒளித்த பாரம்

பனிக்காலத்தைக் கழிக்க குவார்ட்ஸைட் பாலைவனத்துக்கு வீட்டு வண்டிகளை இழுத்துவந்து தங்கும் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது வண்டி இழுக்கப் புதுக் கொக்கி வாங்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், கூப்பிடாமலே போய் பிக்கப்பைச் சுற்றி நின்றுகொள்வோம். வெர்னாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுகூட அவள் கொக்கிக்குக் கூடின அளவு கூட்டம் வரவில்லை.

வெர்னா ஸ்டாட்ஹைம் வடக்கு டக்கோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கணவன் இறந்த பிறகு வீட்டை விற்று, ஒரு வீட்டு வண்டியை வாங்கி, வாடகைப் பிக்கப்பில் இழுத்துக்கொண்டு என் பக்கத்து இடத்துக்கு வந்தாள். அறுபத்தெட்டு வயதில் அவளுக்கு இரண்டு பைத்தியம் பிடித்தது. ஒன்று கல். காலையில் சுத்தியலோடு போனால் மாலையில் வாளி நிறைய வண்ணக் கற்களோடு திரும்புவாள். இன்னொன்று டெல்மர் கூச்.

டெல்மர் குதிரைகளுக்கு லாடம் அடித்து ஓய்ந்தவன். காபிக்குப் போடும் சர்க்கரையைக்கூடக் கரண்டியில் தட்டிச் சமப்படுத்துகிற ஆள். சனிக்கிழமை கல்யாணம். அவன் தன் சின்ன வண்டியை விற்றுவிட்டதால், கல்யாணம் முடிந்து இருவரும் வெர்னாவின் வீட்டு வண்டியில்தான் மொன்டானா போக வேண்டும். அது ஃபிஃப்த் வீல் என்கிற வகை. அந்த வண்டியின் மூக்கு பிக்கப்பின் முதுகில் ஏறி உட்காரும். அதைப் பூட்டிப் பிடிக்கும் கொக்கி டெல்மரின் பிக்கப்பில் இல்லை. அதற்குத்தான் கூடியிருந்தோம்.

"காலி எடை பன்னண்டாயிரம் பவுண்டுன்னு ஸ்டிக்கர்லயே போட்டிருக்கான். நம்ம சாமான் ரெண்டாயிரம்னு வெச்சுக்கோ. பதினாறாயிரம் தாங்குற கொக்கி தாராளம்," என்றான் டெல்மர்.

"இருபதாயிரமே வாங்கிடலாமே," என்றாள் வெர்னா, சும்மா சொல்வதுபோல்.

"எதுக்கு? யானை வளக்கப் போறியா?"

"யோவ், அந்த ஸ்டிக்கர் ஒட்டும்போது உள்ள ஒரு தலகாணிகூட இருந்திருக்காதுய்யா!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

டெல்மருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கணக்கு தப்பாது. மீறி எது அதிகமா இருந்தாலும் இங்கயே இறக்கிடுவேன்."

"அப்ப தராசுல ஏத்துங்க!" என்று நான் கத்தினேன். டெல்மர் போய் வெர்னா வண்டியின் முன்பக்கச் சாமான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டான். வெர்னா என் கையைப் பிடித்து, வண்டியின் மூக்குப் பகுதியில் இருந்த தன் படுக்கையறைக்கு இழுத்துப் போய்க் கட்டில் பலகையைத் தூக்கிக் காட்டினாள். அடியில் இண்டு இடுக்கு விடாமல் கல்.

"அடிப்பாவி! மூக்குலயா அடைச்சு வெச்சே? முக்கால்வாசி பாரம் கொக்கி மேலதானே உக்காரும்?"

"வேற இடம் ஏது இர்மா? ஒவ்வொண்ணும் நானே தோண்டினது. அவர் போனப்புறம் காலையில என்னை எழுப்பினதே இதுங்கதான். இறக்குன்னு இவன் சொன்னா நான் வரமாட்டேன். ஆனா இவனை விடவும் மனசு வரலயே!"

அவள் அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்தது. முதுகில் ஒன்று வைத்தாள்.

மறுநாள் என் பிக்கப்பில் அவள் வண்டியைப் பூட்டி, நெடுஞ்சாலை ஓரத்து லாரித் தராசுக்கு மூவரும் போனோம். வண்டியோடு ஒரு தடவை, கழற்றிவிட்டு என் பிக்கப் மட்டும் ஒரு தடவை. கழித்துப் பார்த்தால் வண்டி பதினாறாயிரத்து இருநூறு.

வெர்னா வாய் பிளந்தாள். "அய்யோ, என் கல்லு அவ்வளவு இருக்காதே! வாளி வாளியா நிறுத்தேனே, ஆயிரம்தானே வந்துச்சு!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் டெல்மர் அவளைப் பார்க்கவே இல்லை. காதுவரை சிவந்துபோய்த் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிச்சம் எங்கய்யா இருந்து வந்துச்சு?" என்றேன்.

அவன் மெல்லப் போய் வண்டியின் முன்பக்கச் சாமான் கதவைத் திறந்தான். கம்பளிக்குள் அவன் வாழ்நாளெல்லாம் லாடத்தை வைத்து அடித்த இரும்புப் பட்டடைகள், பெட்டி பெட்டியாக லாடம், சங்கிலி.

"கணக்குல ஏன் சேக்கல?" என்றாள் வெர்னா.

"சேத்தா நீ இறக்கச் சொல்லிடுவியோன்னு..."

வெர்னா சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் தராசுக்கு நடுவிலேயே டெல்மரைக் கட்டிக்கொண்டாள்.

அன்றே இருபதாயிரம் தாங்கும் கொக்கி வாங்கினார்கள். கொக்கி மேல் பாரம் குறைய, பட்டடைகளை மட்டும் வண்டியின் பின் அச்சுக்குப் பக்கத்தில் நகர்த்தினான் டெல்மர். எதுவும் இறங்கவில்லை. பரிசு கொண்டுவருகிறவர்கள் காகிதத் தட்டைவிடக் கனமாக எதையும் கொண்டுவரக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. நான் பலூன் கொடுத்தேன்.

சனிக்கிழமை, மோதிரம் மாற்றி முடிந்ததும், டெல்மர் பையிலிருந்து முஷ்டி அளவு சிவப்புக் கல்லை எடுத்து வெர்னாவின் கையில் வைத்தான். அவனே தோண்டினதாம், விரலில் பிளாஸ்திரி.

"கொக்கி தாங்கும், வண்டி தாங்கும், பிக்கப்பும் தாங்கும். கணக்குப் போட்டுட்டேன்," என்றான். "இன்னும் இடம் இருக்கு வெர்னா. இதையும் ஏத்திக்கோ."