பாபிலோன் விழுந்ததை வாசித்தவள்

வேதாகமத்தின் கடைசிப் புத்தகம் என்றால் மெல்பேர்னின் நோபிள் பார்க் தமிழ்ச் சபையில் பலருக்குப் பயம். ஏழு தலை மிருகம், இரத்தமாக மாறும் கடல், உதிர்ந்து விழும் நட்சத்திரங்கள். அது போதாதென்று, மிருகத்தின் முத்திரை இனி கைபேசிக்குள்தான் வரப்போகிறது என்று யூடியூபில் யாராவது பிரசங்கித்துவிட்டால் வாட்ஸ்அப் குழு ஒரு வாரத்துக்கு அடங்காது. சுஜீவாவுக்கு மட்டும் அந்தப் புத்தகத்தில் துளியும் பயமில்லை.

அவள் அதை முழுதாகக் கேட்டது ஊரில் போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில், ஒரு பங்கருக்குள். மேலே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் குந்தியிருந்த ஒரு ரீச்சர் சத்தமாக வாசித்தார். மிருகம் எழும்பி வந்து சனங்களை வதைக்கும் பகுதிக்கு ஒருவரும் அசையவில்லை. அதை வெளியே பார்த்துவிட்டுத்தானே உள்ளே வந்திருந்தார்கள். மிருகம் பிடிபட்டு நெருப்புக் கடலில் எறியப்படும் இடம் வந்ததும், மூலையிலிருந்த ஒரு பெரியவர், "அந்த இடத்தைத் திருப்பி வாசி பிள்ளை" என்றார். ரீச்சர் திருப்பி வாசித்தார். அன்று பங்கரில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை. ஆனால் இது இப்படியே முடியாது என்று ஒருவர் அடித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் அவர்கள் கண்ணயர்ந்தார்கள்.

அதன்பிறகு படகு, கிறிஸ்மஸ் தீவுத் தடுப்பு முகாம், மெல்பேர்ன். சுஜீவா டண்டினோங்கில் கீரை கழுவிப் பையில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். குளிரில் விரல்கள் மரத்துப்போகும் வேலை. முகாமில் சந்தித்துக் கல்யாணம் முடித்த அருந்தவன் ஒரு கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டினான். இரண்டு பேருக்கும் பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக விசா. சில மாதங்களுக்கு ஒருமுறை அது முடியும், பிறகு புதுப்பிக்க வேண்டும். போன வருடம் புதுப்பிப்பது தாமதமானபோது சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டு, விசா வந்த பிறகு வேலைக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். அரச வைத்தியத்துக்கான மெடிகேர் அட்டையும் செல்லாமல் போனது. விசா புதுப்பித்து வந்த பிறகுதான் இரண்டும் திரும்பக் கிடைத்தன.

வேலையில்லாத அந்த வாரங்களில்தான் போதகர் வேதபாட வகுப்பில் கடைசிப் புத்தகத்தைத் தொடங்கியிருந்தார். இதை எழுதிய யோவான் ரோமர்களால் பத்மு தீவுக்குத் தள்ளப்பட்டவர் என்றார். சின்ன ஆசியாவின் பட்டணங்களில் பேரரசனைக் கடவுளென்று கும்பிட மறுத்தவர்களுக்குச் சந்தையிலும் தொழிலிலும் இடமில்லாமல் போனது, முத்திரை இல்லாதவர் வாங்கவும் விற்கவும் முடியாது என்று அவர் எழுதியது அந்த நெருக்கடியைத்தான் என்றார்.

"அவரையும் தீவிலதான் போட்டவங்களோ ஐயா?" என்று கேட்டாள் சுஜீவா.

"ஆமா, அப்படித்தான் அவரே சொல்றார்."

"அப்ப எங்கட ஆள்தான்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ரோம் என்று வெளிப்படையாக எழுதினால் வாசிக்கிறவன் தலை போகும் என்பதால்தான் பாபிலோன் என்று எழுதினார்கள் என்று போதகர் சொன்னது அவள் மனதில் பதிந்தது. வீடுகளில் கூடியிருந்த அடிமைகளும் கூலிகளும் விதவைகளும் காதால் கேட்ட புத்தகம் அது. கேட்டவர்களுக்கு எந்த நகரம் என்று தெரியும்.

சபையின் ஆண்டுவிழா ஜூலை மாத ஞாயிறு ஒன்றில் வந்தது. சுஜீவாவுக்குத் தெளிவான குரல், வாசிப்பு எப்போதும் அவளுடையது. போதகர் அவளுக்குக் கொடுத்த பகுதி, மகா நகரமான பாபிலோன் விழுவது. இதற்கிடையில் சபைச் செயலாளர் மோகனதாஸ், விழாவுக்கு ஒரு எம்.பி.யை அழைத்திருந்தார். மோகனதாஸ் மலேசியாவிலிருந்து மாணவராக வந்து பொறியாளராக ஓய்வு பெற்றவர். வாடகை மண்டபத்திலிருந்து சபையைச் சொந்தக் கட்டடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தார். அவர் அழைத்த எம்.பி.யோ, படகில் வந்தவர்களை ஒருநாளும் நிரந்தரமாக இருக்க விடக்கூடாது என்று பாராளுமன்றத்தில் பேசியவர்.

விழாவுக்கு முந்தின ஞாயிறு மோகனதாஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சுஜீவா, வாசிப்பை மட்டும் மாத்திக்கலாமா? ஒரு சங்கீதம் வாசிச்சிடுங்க. மேய்ப்பன் சங்கீதம் எல்லாருக்கும் பிடிக்கும்."

"ஏன் அங்கிள்?"

"விருந்தாளி வர்றார். ராஜாக்கள், வியாபாரிகள், பட்டணம் எரியுதுன்னு வாசிச்சா நல்லாவா இருக்கும்? உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் நான் அவரையே கூப்பிட்டேன். உங்க கேஸ் பத்தி ஒரு வார்த்தை சொல்லலாம்னு."

அவர் மனதாரச் சொன்னார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"அங்கிள், நீங்கள் எங்களுக்காக ஓடித்திரியிறது எனக்குத் தெரியும். ஆனா இந்தப் புத்தகம் எழுதினதே எங்களை மாதிரி ஆக்களுக்கு. விருந்தாளி வாறாரெண்டு அதை மூடி வைக்க ஏலாது. வாசிக்கிறதெண்டால் இதைத்தான் வாசிப்பன்."

வீட்டில் அருந்தவன் அடுப்பருகே குசினிக் கதிரையில் இருந்தபடி கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டான். "உமக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை? அந்தாள் நினைச்சால் எங்கட பைலைக் குப்பையில போடுவான்."

"நினைக்காமலே போட்டுத்தானே வைச்சிருக்கிறாங்கள்" என்றாள் சுஜீவா.

போதகரிடமும் மோகனதாஸ் பேசியிருந்தார். வாசிப்பு வாசிப்புத்தான், ஆனால் அதற்கு மட்டும் திரையில் ஆங்கில மொழிபெயர்ப்பைப் போடவேண்டாம் என்று இருவரும் முடிவுக்கு வந்திருந்தார்கள்.

விழா அன்று எம்.பி. முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். சுஜீவா நீலச் சேலையில் மேடைக்குப் போனாள். ஒலிவாங்கியைச் சரிசெய்தாள். அவசரப்படாமல் வாசித்தாள். அந்த நகரத்தால் கொழுத்த ராஜாக்கள் தூரத்தில் நின்று அழுவதை வாசித்தாள். இனித் தங்கள் சரக்கை வாங்க ஆளில்லையே என்று வியாபாரிகள் புலம்புவதை வாசித்தாள். பொன், வெள்ளி, முத்து, பட்டு, கறுவா, கோதுமை என்று அந்தச் சரக்குகளின் வரிசை நீண்டது. கடைசியாக மனிதர்களும் அந்தச் சரக்கில் அடக்கம் என்ற இடத்தில் நிறுத்தி, தலையை நிமிர்த்தி, மண்டபத்தை ஒருமுறை பார்த்தாள். பின்வரிசையில் விசாவுக்குக் காத்திருந்த குடும்பங்கள் ஒன்றாக இருப்பது வழக்கம். அவர்களில் ஒருவர்கூடக் கண்ணை எடுக்கவில்லை. அவள் மிச்சத்தையும் வாசித்து முடித்தாள். "ஆமென்" பின்னாலிருந்து பெரிதாக வந்தது.

எம்.பி. முகம் மலரக் கைதட்டினார்.

தேநீர் நேரத்தில் அவரே அவளைத் தேடி வந்தார். அழகான குரல், என்ன வாசித்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்தில் கறி பஃப் தட்டோடு நின்ற மோகனதாஸின் முகம் வெளிறியது. நம்பிக்கை தரும் ஒரு பகுதி என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அது பொய்யுமல்ல.

சுஜீவா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். மனிதர்களைச் சரக்காக்கிய ஒரு பெரிய அரசைப் பற்றியது. அதைக் கடவுள் விழுத்தினார். அதற்குக் கீழே நசுங்கியவர்கள் பாடினார்கள். பிறகு, தான் படகில் வந்தவள் என்றும், பத்து வருடத்துக்கு மேலாகத் தற்காலிக விசாவில் இந்த நாட்டின் கீரையைக் கழுவுகிறவள் என்றும், அவர் பாராளுமன்றத்தில் பேசியது தன்னைப் பற்றித்தான் என்றும் சொன்னாள். குரல் உயரவில்லை.

எம்.பி.யின் புன்னகை இருந்த இடத்திலேயே உறைந்தது. தன் அலுவலகத்திலிருந்து பேசுவார்கள் என்றார். அங்கிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை.

அடுத்த மாத வாசிப்பு அட்டவணையில் அவள் பெயர் இல்லை. கேட்டதற்கு, இளையவர்களுக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று பதில் வந்தது. சுஜீவா சண்டை போடவில்லை. சபைக்குப் போவதையும் நிறுத்தவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு செய்தி போட்டாள். வருகிற சனிக்கிழமை பின்னேரம் எங்கட யூனிற் வீட்டில் கடைசிப் புத்தகத்தை முதலிலிருந்து முடிவுவரை ஒரே இருப்பில் வாசிக்கப்போறம், அந்தக் காலத்துச் சனம் கேட்ட மாதிரி, விரும்பின ஆக்கள் வாங்கோ.

"ஒருத்தரும் வராட்டி?" என்றான் அருந்தவன்.

"நீங்கள் இருக்கிறியள்தானே. உங்களுக்கு வாசிப்பன்." அவன் சைவ சமயத்துக்காரன். ஆனாலும் பக்கத்து வீட்டில் போய்க் கதிரைகள் கேட்டு வாங்கி வந்தான்.

கதிரைகள் போதவில்லை. பின்வரிசைக் குடும்பங்கள் வந்தன. நகரின் மறுகோடியிலிருக்கும் வெரிபீயிலிருந்து கேத்ரின் ரயில் மாறி வந்தாள். அவள் நேர்ஸ் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். கடைசியாக மோகனதாஸின் மனைவி ராஜகுமாரி வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"அங்கிளுக்குத் தெரியுமோ அன்ரி?"

"தெரியும். அவர்தான் கார்ல கொண்டுவந்து விட்டார். உள்ள வரமாட்டேன்னுட்டார்" என்று சொல்லிவிட்டு ராஜகுமாரி கம்பளத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

சுஜீவா தொடங்கினாள். மிருகம் வந்தபோது கேத்ரின் துப்பட்டாவை இறுக்கிக்கொண்டாள். சின்னப் பிள்ளைகள் ஏழு தலையையும் விரல்விட்டு எண்ணினார்கள். பாபிலோன் விழுந்தபோது பின்வரிசைக்காரர் ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதார். அவரை யாரும் தேற்றப் போகவில்லை, அழவிட்டார்கள். சுஜீவா தண்ணீர் குடிக்க நிறுத்தியதும் ராஜகுமாரி புத்தகத்தை வாங்கித் தன் மலேசிய உச்சரிப்பில் தொடர்ந்தார். புது நகரம் வானத்திலிருந்து இறங்கியது. அதன் வாசல்கள் பகல் முழுவதும் அடைக்கப்படுவதில்லை, இரவு என்பதே அங்கில்லை என்று அவர் வாசித்தபோது, "வாசலே அடைக்கிறேல்லையாம்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

முடிந்தபின் யாரும் உடனே எழும்பவில்லை. சுஜீவாவின் நிரந்தர விசா இன்னும் வரவில்லை. இனி வராமலும் போகலாம். திங்கட்கிழமை விடியக் கீரைத் தொழிற்சாலைக்குப் போகத்தான் வேண்டும். அவள் எழும்பித் தேத்தண்ணீருக்குக் கேத்திலை வைத்துவிட்டு, குசினி வாசலில் நின்று கேட்டாள்:

"அடுத்த மாசமும் இதையே வாசிப்பமோ?"

"ஓம்" என்றார்கள் பலர். "ஆமா" என்றார் ராஜகுமாரி.