மூவார்ப் பூனையும் கிராணி வீட்டுத் தரையும்

முப்பத்து நான்கு நாட்களில் இருபத்தாறு முறை. நான் கண்டுபிடித்தது அவ்வளவு. கண்டுபிடிக்காமல் பலகை இடுக்கில் இறங்கிப்போனது எத்தனையோ, அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குச் சோறு இறங்காது.

அப்போது நான் மலாயாவில், கோத்தா திங்கிக்கு மேலே, ஆற்றை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். கலியாணமாகி நான்கு மாதம். என் மனைவி மூவார்ப் பட்டணத்துக் கடைத்தெருவில் வளர்ந்தவள். சன்னலைத் திறந்தால் நாலு பேர் பேச்சுக் கொடுக்கும் வீடு அவளுடையது. தோட்டத்திலோ எங்கள் வீட்டுப் படியிலிருந்து அடுத்த வீட்டுப் படிக்கு என் காலடியில் ஆயிரத்து நூற்று நாற்பது எட்டு. நடுவில் முழுக்க மரம். அவள் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பிரம்புக் கூடையும். கூடைக்குள் பூனை. சாம்பல் நிறம், அந்தப் பக்கத்துப் பூனைகளுக்கெல்லாம் இருப்பதுபோல வால் நுனி கொக்கியாக மடிந்தது. பகல் முழுவதும் அவள் பேசியது அதனிடம்தான்.

எனக்கு முன்னால் இருந்த கிராணியின் பூனையை மலைப்பாம்பு விழுங்கியிருந்தது. அதனால் இதை வெளியே விடுவதில்லை. மண்ணெண்ணெய்த் தகரத்தை நெடுக்காக வெட்டி, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அடுப்பின் சாம்பலை நிரப்பிப் பின்கட்டில் வைத்தேன். பூனை அதில் ஒழுங்காகத்தான் போய்வந்தது. மழைக்காலம் பிடித்ததும் ஒருநாள் கூரை ஒழுகித் தகரத்துச் சாம்பல் சேறாகிவிட்டது. அன்று அது முன்னறைப் பலகைத் தரையில் பெய்தது.

வெறுங்காலோடு மிதித்தேன். இளஞ்சூடாக இருந்தது. கால்விரல் இடுக்குகளில் ஏறிய அந்த ஈரத்தையும், அதற்குப் பிறகு மூக்கில் ஏறிய நெடியையும் என்னால் விவரிக்க முடியும். விவரிக்க அருவருப்பாக இருக்கிறது. அழுகிய வெங்காயத்தைப் பித்தளைப் பாத்திரத்தில் வேகவைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஸ்டோரின் நாற்றத்தில் பகலெல்லாம் இருப்பவன் நான். அது உழைப்பின் நாற்றம், சகித்துக்கொள்ளலாம். இது அப்படியல்ல.

நான் படித்தவன், சுத்தக்காரன். வெறும் தண்ணீரில் கழுவி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஸ்டோரில், பாலை உறையவைக்கும் ஆசிட் ஜாடிக்குப் பக்கத்தில், அம்மோனியா ஜாடி இருந்தது. மரத்திலிருந்து எடுத்த பால் வாளியிலேயே உறைந்துவிடாமல் இருக்க அதைக் கொஞ்சம் ஊற்றுவார்கள். மூக்கைத் துளைக்கும் மருந்து. அவ்வளவு காரமான மருந்து எந்த அசிங்கத்தையும் கொன்றுவிடும் என்று நம்பினேன். ஒரு போத்தல் கொண்டுவந்து, தண்ணீர் கலந்து, தேங்காய் நாரால் நாற்பது தேய்ப்புத் தேய்த்தேன். முன்னெச்சரிக்கையாகச் சுற்றிலும் மூன்று மூன்று பலகை கூடுதலாகக் கழுவினேன். ஈரமான தகரத்தையும் அதிலேயே கழுவிப் புதுச் சாம்பல் போட்டேன்.

மறுநாள் அதே இடத்தில் பெய்திருந்தது. அடுத்த நாள் இரண்டு பலகை தள்ளி. நான் மருந்தைக் கூட்டினேன். அது இடத்தைக் கூட்டியது. தகரத்தை மோந்து பார்த்து, மூக்கைச் சுளித்துத் திரும்பிவிடும். பெரிய தாளில் வீட்டின் படம் வரைந்து ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெருக்கல் குறி போட்டேன். சாப்பிடுவதற்கு முன் நான்கு முறை கை கழுவினேன். அப்படியும் ரசத்தில் அந்த வாடை வந்தது.

"ஏங்க, அந்த மருந்தை ஊத்தாதீங்க. எனக்கு ரெண்டும் ஒரே நாத்தமாத்தான் இருக்கு" என்றாள் அவள்.

"இது மருந்து, அது மூத்திரம். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" என்றேன்.

இருபத்தாறாவது முறை என் கோட்டில். காலர் அழுக்குப் போக அதே மருந்தில் அலசிக் காயவைத்து, நாற்காலியில் மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோட்டு. ஈரம் காய்ந்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை. போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். வெயில் ஏற ஏற அது என் உடம்புச் சூட்டில் விழித்துக்கொண்டது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பேனாவைக் கீழே வைத்தார். தோட்டத்துத் தமிழில், "கிராணி, நீ சன்னல்கிட்ட நில்லு" என்றார். சற்றுக் கழித்து, "வெளியே நில்லு" என்றார். பியூன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

வீட்டுக்கு வந்து கோட்டை முற்றத்தில் எறிந்துவிட்டு அரிசிச் சாக்கை எடுத்தேன்.

"புதன்கிழமைப் படகுல அனுப்பிடறேன். ஆத்தோரத்துல மலாய்க்காரங்க ஊர், எந்தக் கம்பத்துலயாவது விட்டுடச் சொல்றேன். எலி பிடிச்சுப் பிழைச்சுக்கட்டும்."

அவள் சாக்கைப் பார்த்தாள். உள்ளே போய் டிரங்குப் பெட்டியை இழுத்துவந்து கதவோரம் வைத்தாள். கொடியில் கிடந்த அவள் புடவைகள் ஆறையும் மடித்து உள்ளே வைத்தாள். "படகுல ரெண்டு பேருக்கு இடம் இருக்கும்ல?" என்று கேட்டாள்.

"யாருக்கு?"

"பூனைக்கும் எனக்கும். அங்கேருந்து மூவாருக்குப் போய்க்கிறோம். இங்க நீங்களும் உங்க மருந்தும் சுத்தமா இருங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். பூட்டைப் போட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். சாக்கு கையில் இருந்தது. கீழே வைக்க மானம் விடவில்லை.

அந்த நேரத்தில் ஸ்டோரில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் படியேறி வந்தார். ஜாடியில் மருந்து குறைந்துபோய் அன்று மூன்று வாளிப் பால் உறைந்துவிட்டதாம். நான் எடுத்து வந்ததில் மிச்சம் இருந்தால் வாங்கிப்போக வந்தவர், வாசலிலேயே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அலமாக்! என்னங்கய்யா இது, கடுவன் பூனை பெஞ்சு வச்சிருக்கு? அதோ அந்த மூலையில, கண்ணே எரியுதே!"

அவர் காட்டிய மூலையைப் பார்த்தேன். என் படத்தில் அங்கே குறியே இல்லை. அன்று காலைதான், பூனை வருவதற்கு முன் முந்திக்கொள்வோம் என்று, தண்ணீர் கலக்காத மருந்தால் அதைத் தேய்த்திருந்தேன்.

என் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "அது பூனை பெஞ்சது இல்ல, மண்டோரே. உங்க கிராணி பெஞ்சது."

மண்டோருக்கு விளங்கச் சிறிது நேரம் ஆனது. விளங்கியதும் அவரும் சிரித்தார், மரியாதைக்காகத் தலையைக் குனிந்துகொண்டு. "பூனைக்கும் அதே நெனப்புதான்யா. வேற கடுவன் வீட்டுக்குள்ள வந்து பெஞ்சிட்டுப் போவுதுன்னு, இதுவும் போட்டிக்குப் பெய்யுது. நீங்க ஊத்த ஊத்த அதுவும் ஊத்தும்லா."

"இப்ப என்ன செய்யறது?" அவள்தான் கேட்டாள்.

"மருந்து கூடிப்போன பாலை எப்படி உறைய வைக்கிறோம்? ஆசிட்டை ஒரு கை கூட ஊத்துவோம், மருந்து செத்துரும். ஐயாவுக்குத் தெரியாததா?"

தெரியும். இரண்டு ஜாடிக்கும் தினமும் கையெழுத்துப் போடுகிறவன் நான்தான். வீட்டுத் தரையைப் பார்த்தபோது அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவள் மூக்கு சொன்னதையும் நான் காதில் வாங்கவில்லை.

தண்ணீரில் நன்றாகக் கலந்த ஆசிட்டால் படத்தில் குறி போட்ட எல்லா இடங்களையும், நானே பாழாக்கிய மற்ற இடங்களையும் முழங்காலிட்டுக் கழுவினேன். வீடு புளித்த ஊறுகாய்போல மணத்தது. புதுத் தகரம் வெட்டினேன். புதன்கிழமைப் படகு போயிற்று. அவள் அதில் ஏறவில்லை. பெட்டி மட்டும் பூட்டியபடி கதவோரமே இருந்தது. தினமும் ஒரு புடவையைத் துவைத்துக் காயவைத்து, மறுபடி பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பூனை மூன்றாம் நாளே தகரத்துக்குத் திரும்பிவிட்டது. பெட்டி பதினோரு நாள் நகரவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை அவள் தகரத்தைக் காலால் என் பக்கம் தள்ளினாள். "சாம்பலை மாத்துங்க. இனிமே இது உங்க வேலை."

அதன் நடுவில் ஈரக் கட்டிகள். மேலே வேறொன்றும். மூச்சை அடக்கிக்கொண்டு, இரு கைகளாலும் உடம்பில் படாமல் தூரப் பிடித்து, குழி வரைக்கும் அறுபத்திரண்டு எட்டு நடந்தேன். குமட்டலில் கண்ணில் தண்ணீர் வந்தது. திரும்பி வந்தபோது கதவோரம் பெட்டி இல்லை. கொடியில் புடவைகள் கிடந்தன. எண்ணினேன், ஆறு.

அந்தப் பூனை அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டு இருந்தது. ஒருநாள்கூட நான் அதைத் தொட்டதில்லை. சாம்பலை மட்டும் ஒருநாள் தவறாமல் மாற்றினேன்.