நான் பார்க்காத கடல்

பயணக் கட்டுரை எழுதுவது என் தொழில். 'எனக்குப் பிடித்த கடற்கரை ஹோட்டல்கள்' என்று ஒருமுறை எழுதியிருந்தேன். கொச்சி மட்டாஞ்சேரியில் நான் தங்கியிருந்த விடுதியின் வரவேற்பாளர் செல்வி, ஒரு காலையில் சிரித்தபடி சொன்னார்:

"சாரே, நீங்க எழுதின ஹோட்டலுக்குத்தான் வீட்டுக்காரர் மோளைக் கூட்டிட்டுப் போயிருக்கார். பிள்ளைங்க பயமில்லாம கடல்ல குளிக்கலாம்னு எழுதியிருந்தீங்களே!"

அவருடைய மகள் இப்போது அந்தக் கடற்கரையில் இருக்கிறாள். அந்தக் கடலை நான் பார்த்ததே இல்லை. படங்களை வைத்து எழுதியது.

"உடனே போன் போடுங்க. தண்ணியில இறங்க வேண்டாம்னு சொல்லுங்க!"

மூன்று முறை யாரும் எடுக்கவில்லை. நான்காவது முறை கணவர் பேசினார். அலை இழுக்கும் என்று அங்கே வலை உலர்த்திய ஒரு மீனவச் சேட்டன் அவர்களைத் தடுத்துவிட்டாராம்.

செல்வியிடம் உண்மையைச் சொன்னேன்.

"என் மோளாக்கும் சாரே," என்றார்.

என் கட்டுரையைப் படிக்காத ஒருவரால்தான் அந்தக் குழந்தை பிழைத்தது.