அக்கா சொன்ன பதிலில் பாதி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசித் தெருவை விட்டு நெடுஞ்சாலையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அந்தத் தகரக் கொட்டகை. வெளியிலிருந்து பார்த்தால் கிடங்கு போல இருக்கும். உள்ளே கிறிஸ்தவத் தொலைக்காட்சி ஒன்றின் படப்பிடிப்புக் கூடம். இனி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே நடந்தபோது மாமாவின் போன் வந்தது. மாமா என்றால் என் அக்காவின் கணவர்.

“இன்னாடா, உங்க அக்கா நெனவு மலருக்கு எழுதிட்டியா? நாளைக்கு மத்தியானம் பிரஸ்ஸுல குடுக்கணும்.”

“டீவிக்காரங்க முடியாதுன்னுட்டாங்க மாமா.”

“தெரிஞ்சதுதான். நீ போய் கேட்டா மட்டும் முழுசா போட்டுடுவாங்களா? பஸ் ஸ்டாண்டுல குந்தி எழுதுற வழியப் பாரு.”

அப்படித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் அங்கே கேட்கப் போனது ஒன்றுதான். அக்கா கடைசியாகப் பேசிய நிகழ்ச்சியை அவர்கள் இன்னும் திரும்பத் திரும்ப ஒளிபரப்புகிறார்கள். அதில் அக்கா சொன்ன பதிலில் பாதி இல்லை. முழுதாகப் போடுங்கள், முடியாவிட்டால் போடாதீர்கள் என்று கேட்டேன். பொறுப்பாளர் தலையைச் சொறிந்தார்.

“முழுசா எங்க பிரதர் இருக்கு? எடிட் பண்ணதும் மீதிய அழிச்சிடுவோம். எடம் பத்தாது. அதுவுமில்லாம அது ஆசீர்வாதமான நிகழ்ச்சி. அது ஓடுனா மறுநாள் காலையில போன் நிக்கவே மாட்டேங்குது. எடுக்க ஆளில்லாம நாங்களே பேஜாராயி கெடக்கோம், நீங்க வேற.”

அக்கா ஊத்துக்கோட்டைக்கு அருகில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா லாரி ஓட்டினார். எளாவூர் சோதனைச் சாவடியில் நின்றிருந்த லாரியின் மேல் வேறொரு லாரி பின்னால் வந்து மோதியதில் அப்பாவின் கால் நசுங்கியது. அதன் பிறகு வீட்டை அம்மாவின் தையல் இயந்திரமும் அக்கா எடுத்த டியூஷனும் நடத்தின. அக்கா செவ்வாப்பேட்டையில் அத்தை வீட்டில் தங்கி, ரயிலில் கல்லூரிக்குப் போய்வந்து வேதியியல் படித்தார். நான் அந்த வருடங்களில் நெல்லூரில் ஓட்டலில் இருந்தேன், திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தேன், பிறகு எங்கெங்கோ இருந்தேன். எங்கிருந்து பேசினாலும் அக்கா இரண்டு கேள்விதான் கேட்பார். “நாஷ்டா துன்னியா? எங்க படுத்துக்கினு கீற?” திரும்பி வா என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அக்காவுக்கு இதே தொழிற்பேட்டையில் மாத்திரைகளுக்கு மூலப்பொருள் தயாரிக்கும் கம்பெனியில், தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. கடைசிவரை அங்கேதான் இருந்தார். வெள்ளிக்கிழமை உபவாசத்தை விட்டதில்லை. சபையில் பாட்டுக்குழுவில் நின்றார். ஆனால் ஜெபக் கூட்டத்தில் யாராவது எழுந்து, கட்டி கரைந்துவிட்டது, சர்க்கரை போய்விட்டது என்று சாட்சி சொன்னால், கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் போய், “ரொம்ப சந்தோஷம். ரிப்போர்ட் எடுத்துப் பாத்தீங்களா?” என்று கேட்பார். அதனால் அக்காவைக் கண்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகக் கிளம்பியவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இந்த மலரைப் படிப்பார்கள். அக்காவுக்கு உங்கள் மேல் வருத்தம் இருந்ததில்லை.

இப்படிக் கேள்வி கேட்பவர் என்று தெரிந்துதான் தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள். ‘கேளுங்கள், யோசிப்போம்’ என்று வாரம் ஒரு நிகழ்ச்சி. விஞ்ஞானமும் வேதமும் என்று நேயர்கள் போனில் கேட்பார்கள், அக்காவும் ஒரு போதகரும் பதில் சொல்வார்கள். கொட்டகைக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை. அது ஓடும்போது உள்ளே பேசுவது கேட்காது. ஷிப்டு மாறும் சமயத்தில் சிறிது நேரம் ஆலை அடங்கும். அந்த இடைவெளியில் படம் பிடித்துவிட வேண்டும். சங்கு ஊதினால் பேச்சு நின்றுவிடும். அக்கா தன் கம்பெனியில் ஷிப்டு முடித்து, முகம் கழுவி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே ஓடுவார்.

ஒருமுறை ஒருவர் கேட்டார்: சூரியனை நாலாவது நாள்தான் படைத்தார் என்றால் முதல் நாள் வெளிச்சம் எங்கிருந்து வந்தது? போதகர் உடனே ஏதோ சொன்னார். அக்கா மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆலை எப்போது சங்கு ஊதுமோ என்று எல்லாரும் தவித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நிமிர்ந்து, “எனக்குத் தெரியலைங்க. லேப்ல தெரியாதத தெரியாதுன்னு எழுதலன்னா வேலைய விட்டு அனுப்பிடுவாங்க. சபையில மட்டும் ஏன் தெரிஞ்ச மாதிரி பேசணும்? தெரியலன்னு சொல்றதால கர்த்தருக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது” என்றார். ஒளிபரப்பில் அவர் யோசித்த நேரத்தை வெட்டிவிட்டு கீபோர்டு வாசித்திருந்தார்கள். பார்த்துவிட்டு அக்கா சிரித்தார். “நான் யோசிச்சா இவங்களுக்கு பாட்டு வருது.”

சிரிக்க முடியாதது பிறகு நடந்தது. அன்று ஊருக்கு வந்திருந்த நான்தான் அக்காவை வண்டியில் கூட்டிப்போய்க் கொட்டகையின் கதவருகில் நின்றிருந்தேன். ஊத்துக்கோட்டை பக்கத்திலிருந்து ஒரு தாய் பேசினார். மகளுக்கு வலிப்பு. தினமும் மாத்திரை. “மாத்திரை குடுத்தா விசுவாசம் இல்லன்னு சொல்றாங்க சிஸ்டர். நான் இன்னா பண்றது?”

அக்கா சொன்னார்: “ஜெபம் பண்ணுங்கம்மா. ஒரு நாளும் விடாம பண்ணுங்க.”

அந்த நேரம் பார்த்து ஆலை வழக்கத்துக்கு முன்பே ஓட ஆரம்பித்தது. கேமராக்காரர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அக்கா நிறுத்தவில்லை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். “அதே மாதிரி மாத்திரையும் ஒரு வேளகூட விடாதீங்க! டாக்டர கேக்காம நிறுத்தவே கூடாது. கர்த்தர் எந்த வழியா சொகம் குடுக்கணும்னு அவருக்கு நாம வழி சொல்லித் தர வேணாம். மாத்திரையும் அவர் குடுத்த மூளையிலேர்ந்து வந்ததுதான்!”

ஒளிபரப்பில் முதல் பாதி மட்டும் வந்தது. அதன் பிறகு கைதட்டல். அக்கா போன் செய்து கேட்டபோது, மில் சத்தம் வந்துவிட்டது சிஸ்டர் என்றார்கள். சத்தம் வந்தது உண்மைதான். அந்தச் சத்தத்துக்கு மேலே அக்கா பேசியது கதவருகில் நின்ற எனக்கே கேட்டது, வாயருகே இருந்த மைக்குக்கு எப்படிக் கேட்காமல் போகும்? அடுத்து ஓடுவது சுகமளிக்கும் கூட்டம், அதற்கு முன்னால் மாத்திரைப் பேச்சு எதற்கு என்று அங்கே யாரோ சொன்னதாகவும் காதில் விழுந்தது. எது காரணம் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுத வேண்டும்.

அந்தத் தாயின் எண்ணை வாங்கி அக்கா கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. மறுநாள் விடுப்பு எடுத்தார். ஊத்துக்கோட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். மகள் வலிப்பு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து, முழங்கைவரை வெந்து, வாழை இலையில் கையை வைத்துப் படுத்திருந்தாள். தாய்க்கு அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“டீவியில வந்த சிஸ்டரே ஊட்டுக்கு வந்துட்டாங்க! அன்னிக்கு போன்ல ஒரே எரச்சலு, ஒண்ணும் கேக்கல. நீங்க சொன்னத டீவியில பாத்தப்புறந்தான் சிஸ்டர் எனக்கு தைரியமே வந்துச்சி. மாத்திரைய எட்த்து பரண்ல போட்டுட்டேன்.”

அக்கா பரணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஏறுடா” என்றார். மாத்திரையை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணையும் தாயையும் அதே ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அவள் பிழைத்தாள், இப்போது பள்ளிக்குப் போகிறாள்.

திருத்தம் போடுங்கள் என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார்கள். அக்கா அதன் பிறகு அந்த மேசைக்குப் போகவில்லை. அதற்குள் வயிற்றில் வந்த வலிக்குக் காரணம் கட்டி என்று தெரிந்தது. அக்கா ஜெபத்தையும் விடவில்லை, மருந்தையும் விடவில்லை, உபவாசத்தை மட்டும் டாக்டர் சொன்னதால் விட்டார். பார்க்க வந்த ஒருவர், “விசுவாசத்துல எங்கியாவது கொற இருக்குதா பாருங்க சிஸ்டர்” என்றார். அக்கா, “டாக்டரும் அப்படித்தான் ஸ்கேன் எடுத்துப் பாத்தாரு. அவருக்கு கட்டிதான் தெரிஞ்சுது” என்றார்.

ஒரு நாள் பக்கத்துப் படுக்கைக்குத் துணையிருந்த பெண் கைபேசியில் அதே நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஐய, இது நீங்கதான?” என்று எழுந்து வந்து காட்டினார். கைதட்டல் சத்தம் வந்தது. நான் போனைப் பிடுங்கப் போனேன். அக்கா என் கையைத் தள்ளிவிட்டு, அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். “இதுல நான் பாதிதாம்மா பேசறேன். மீதிய இப்ப சொல்றேன், கேட்டுக்கோ.” மூச்சு வாங்கியது. ஆனாலும் முழுதாகச் சொல்லி முடித்தார்.

அதன் பிறகு அக்கா அதிகம் பேசவில்லை. மாமாவும் நானும் அருகில் இருக்க, விடிந்த பிறகு அமைதியாகப் போனார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முகம் சுளிக்காமல் துணிகளைத் துவைத்துக் கொடுத்த அத்தை மகளுக்கும், கல்லறைவரை பாடிக்கொண்டு வந்த பாட்டுக்குழுவினருக்கும், ஷிப்டு மாற்றிக்கொண்டு இரத்தம் கொடுத்த கம்பெனித் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. ஊத்துக்கோட்டையிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்து, அக்காவின் காலடியில் உட்கார்ந்து அழுத அந்தத் தாய்க்கும் நன்றி. அம்மா, அது உங்கள் தவறல்ல என்று அக்கா உங்களிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

தொலைக்காட்சிக்காரர்களுக்கு நன்றி சொல்ல இன்னும் மனம் வரவில்லை. அவர்களால்தான் ஊரெல்லாம் அக்காவை அறிந்தது என்பதையும் மறுக்க முடியவில்லை.

இதுவரை எழுதியபோது பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில் அக்கா வந்தார். அதே புடவை. கடைக்காரர் ஒலியைக் கூட்டினார். கீழே ஜெப உதவிக்கான போன் எண் ஓடியது.

மறுநாள் காலை நான் அதே கொட்டகைக்குத் திரும்பிப் போனேன். பொறுப்பாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“போன் எடுக்க ஆளில்லன்னீங்களே. நான் எடுக்கறேன்.”

“நீங்களா? நீங்க ஒரு எடத்துல தங்க மாட்டீங்கன்னு சிஸ்டரே சொல்வாங்களே.”

“அந்த நிகழ்ச்சி ஓடுற வரைக்கும் தங்கறேன்.”

அவருக்குப் பின்னால் போன் அடித்துக்கொண்டே இருந்தது. “பேரு கேட்டு ஜெபம் பண்ணணும். அவ்ளோதான். வேற பேச்சு வேணாம் பிரதர்” என்று நாற்காலியைக் காட்டினார். இந்த மலர் அவருக்கும் போகும். படித்த பிறகு வேலை இருக்குமோ என்னவோ. வேலை போவது எனக்குப் புதிதல்ல.

போனை எடுத்தேன். எளாவூரிலிருந்து ஒருவர். பின்னால் லாரிகள் ஓடும் சத்தம்.

“பிரதர், நேத்து டீவியில அந்த சிஸ்டர் பேசினத பாத்தோம். எங்க நைனாவுக்கு ஜெபிக்கணும். அவருக்கு பிரஷரு.”

“ஜெபிக்கலாம். மாத்திரை குடுத்துக்கினு கீறீங்களா?”

“அந்த சிஸ்டருதான் ஜெபம் பண்ண சொன்னாங்களே...”

“அவங்க எங்க அக்கா. டீவியில பாதிதான் வந்துச்சி. மீதிய நான் சொல்றேன், கேட்டுக்கோங்க.”