எழுத்துப் போட்ட சாக்கு

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட கொப்பியில்தான் எழுதுகிறேன். ஆனாலும் சில எழுத்துகள் மேலே ஏறுகின்றன, சில கீழே இறங்குகின்றன. எழுபத்திரண்டு வயதுக் கைக்கு இது புதிய வேலை. ஒரு பக்கத்திற்கு ஒரு காலை முழுதும் போய்விடுகிறது. அந்தக் காலைகள் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருமகள் செல்வி இதைப் படம் பிடித்து அத்தி வளர்க்கும் நம் குழுவுக்குப் போனில் அனுப்புவாள்.

ஃபாரூக் நானாவின் செய்தி எனக்கு எழுத்தாகத்தான் வந்தது. அதற்கு முன் எல்லாச் சாவும் எனக்கு யாரோ வாயால் சொன்னவை. புதன்கிழமை முற்பகல் செல்வியின் போனை வாங்கி நானே வாசித்தேன். "ஃபாரூக் நானா மௌத்து. அஸருக்குப் பிறகு ஜனாஸா." முதல் இரண்டு சொல்லும் தடையில்லாமல் வந்ததில் சிரித்துக்கொண்டேன். மூன்றாவதில் நின்றுவிட்டேன். 'ஔ' வரிசை அதிகம் வராது என்று எழுத்துப் பழகும் வகுப்பில் அதை வேகமாகக் கடந்து போயிருந்தார்கள். மெ, ள, த்து என்று கூட்டிப் பார்த்தேன். பொருள் வரவில்லை. செல்வியிடம் நீட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "மாமா, மொதல்ல உக்காருங்க" என்றாள். மௌத்து என்றால் சாவு, பிற்பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பின்னால் குடை திருத்தும் சிறு கடை வைத்திருந்தவர் அவர். தேயிலைத் தோட்டத்தை விட்டு பல்லேகலைக்கு மகன் வீட்டோடு வந்த புதிதில், கம்பி உடைந்த குடையோடு அவரிடம் போனேன். மேசையில் வெட்டிய தண்ணீர்ப் போத்தலுக்குள் ஒரு தடி நின்றது. அதன் நுனியில் கை விரித்தது போல் ஓர் இலை.

"பப்பாசியா நானா?"

"பப்பாசியா! குர்ஆன்ல பேர் ஈக்கிற பழம் ஓய். அத்தி, தீன் பழம். பப்பாசியெண்டு செல்லி என்ட நோன்ப முறிச்சிப் போடாதீங்க."

என்னைவிட ஆறு வயது இளையவர். அவர் என்னை அண்ணன் என்றார், நான் அவரை நானா என்றேன். இரண்டுக்கும் ஒரே பொருள்தானே, யார் மூத்தவர் என்று கடைக்கு வந்தவர்கள் குழம்புவார்கள். அன்று குடையோடு ஒரு தடியும் ஈரத் துணியில் சுற்றி என் கைக்கு வந்தது. அப்படித்தான் உங்களில் பலருக்கும் வந்திருக்கும். கிழிந்த குடைத்துணிகளைச் சேர்த்துத் தைத்து, கட்டுகஸ்தோட்டை வீட்டில் தன் கன்றுகளுக்குக் கூரை போட்டிருந்தார். கண்டி மழையில் அத்தித் தடி வேர் விடுவதற்கு முன்பே அழுகிவிடும். அந்தக் கூரைக்குக் கீழே அழுகாது.

இப்போது எழுதக் கடினமானதை எழுத வேண்டும். எழுத்துக் கடினம் இல்லை.

போன வருட மழைக்காலத்தில் நானா மகளின் பிரசவத்துக்காகப் புத்தளம் போனார். வேர் விட்ட கன்றுகளை மண் பைகளுக்கு மாற்றி, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பங்கிடும் வேலையை என்னிடம் விட்டார். கொட்டகையில் இரண்டு சாக்கு மண் இருந்தது. ஒன்று வெறும் சாக்கு. மற்றதில் கறுப்பு மையால் பெரிதாக எழுதியிருந்தது. எனக்கு அப்போது ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் எழுத்துப் போட்ட பொருளுக்குத்தான் மதிப்பு என்று தெரியும். உரமூட்டையில் எழுத்து இருக்கும், மருந்தில் எழுத்து இருக்கும். நல்ல மண் என்பதால்தான் நானா எழுதி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். உங்களுக்கு நல்லதே போகட்டும் என்று அந்தச் சாக்கை அவிழ்த்தேன். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டேன். மண் குளிர்ந்து, நல்ல கறுப்பாக, வாசனையாக இருந்தது. அதில் கெட்டது எதுவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கன்றுகள் காலையில் நிமிர்ந்து நின்றன, மத்தியானம் துவண்டன, மாலையில் மறுபடி நிமிர்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று எல்லோரும் தண்ணீர் ஊற்றினோம். ஊற்றிய தண்ணீரோடு நோய் அடுத்த பாத்திக்கும் போயிற்று. குண்டசாலையில் யோகம் அக்காவின் கத்தரி ஒவ்வொன்றாக மஞ்சளாகியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு, மிளகைக் கோத்தது போல. கண்ணுக்குத் தெரியாத புழு என்று நானா சொன்னார். வந்த மண்ணை விட்டு அது இலேசில் போகாது என்றும் சொன்னார்.

குழு கூடிய அன்று யோகம் அக்கா எழுந்து நின்றார். "நானா, நீங்கள் தந்த கன்று எங்கட தோட்டத்தையே அழிச்சுப்போட்டுது. இனி உங்கட கையால ஒண்டும் வேண்டாம்."

"ஓம் யோகம். பிழை எங்கட வீட்டு மண்லதான்" என்றார் நானா. நானும் பக்கத்திலிருந்து, "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம் நானா" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அன்று புரியவில்லை. அன்று முதல் அவரிடம் எவரும் தடி வாங்கவில்லை. போத்தல்களில் வேர்கள் இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வளர்ந்து கிடந்தன.

கோயில் மண்டபத்து வகுப்பில் நான் எழுத்துக் கூட்டத் தொடங்கியது இந்த வருடம். ஒரு நாள் நானாவின் கொட்டகையில் தேங்காய்த் தும்புத்தூள் எடுக்கப் போனேன். அந்தச் சாக்கு பாதி காலியாக மூலையில் கிடந்தது. கண் தானாக எழுத்தில் போய் நின்றது. நோய், மண். தொட, வேண்டாம். வகுப்புக்கு வெளியே நான் முழுதாக வாசித்த முதல் வாக்கியம் அதுதான். "வாசிச்சிட்டேன் நானா!" என்று சத்தம் போட்டேன். பொருள் அதற்குப் பிறகுதான் வந்தது.

நானா வாசலில் நின்றார். "வாசிச்சிட்டீங்களா முத்தையாண்ணே."

"இந்த எழுத்து அன்னைக்கே இருந்துச்சா?"

"ஈந்திச்சி. வெயில் வந்தா தகரத்துல காயப்போட வெச்சீந்த மண்."

"நான் இந்தச் சாக்க அவுத்தது தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கண்ணாடி கொண்டு வரல்லெண்டு எத்தன வருஷமாச் செல்றீங்க. நான் குடை திருத்துற ஆள். ஓட்ட எங்க ஈக்கிதெண்டு எனக்கு விளங்காதா? போற அவசரத்துல வாயால செல்லாமப் போனது என்ட பிழை."

"குழுவுல சொல்லியிருக்கலாமே நானா. பேரு கெட்டது ஒங்களுக்குத்தானே."

"மண்ணப் பத்திச் சென்னா ஒங்களப் பத்தியும் செல்ல வரும். அத நான் செல்லப்படாது. எழுதப் பழகினா நீங்களே எழுதுங்க."

எழுதுகிறேன் என்றேன். 'ழ' சரியாக வரட்டும் என்று ஒரு மாதம், கூட்டெழுத்து பழகட்டும் என்று ஒரு மாதம் தள்ளினேன். ஜனாஸா போகும்போது தெருவோரத்தில் யோகம் அக்கா என் அருகில் நின்றார். "நல்ல மனுசன். அந்த ஒரு விசயத்திலதான்..." என்று பாதியில் நிறுத்தினார். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. யோகம் அக்கா, அந்த ஒரு விசயம் நான்தான். உங்கள் எல்லோருடைய வீட்டிற்கும் அந்த மண்ணை அள்ளிக் கொடுத்தது என் கை.

நானாவிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய இரண்டு கன்றுகளை ஹுன்னஸ்கிரியவில் இருக்கும் என் தங்கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழுவில் இல்லாத வீடு, அதனால் எவரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை. அதை மறந்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானா இறந்ததைச் சொல்ல அவளுக்குப் போன் எடுத்தேன். அழுதுவிட்டு, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "போஞ்சியெல்லாம் மத்தியானமானா தொங்குதுண்ணே. காலைல பாத்தா நல்லாத்தான் நிக்குது. தண்ணி பத்தல போல. ரெண்டு வேளையும் ஊத்துறேன்." அவள் வீட்டுக்குச் சோறு போடுவது அந்தப் போஞ்சிப் பாத்திதான். அதற்குக் கீழே வரிசையாக, லயத்து வீடுகளில் இருக்கும் தோட்டத் தொழிலாளர்கள் எல்லோருடைய பாத்திகளும் இருக்கின்றன. மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும்.

நோய் வந்த வீடுகளுக்கு நானா போனபோது நானும் கூடப் போயிருக்கிறேன். கதிரை போட்டால் உட்கார மாட்டார், தேத்தண்ணீர் கொடுத்தால் தொட மாட்டார். "மொதல்ல மண்வெட்டியத் தாங்க, பொறவு ஏசுங்க" என்பார். அவருடையதாக நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு பேச்சைத்தான். தங்கையிடம் தண்ணீர் ஊற்றாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், ஏன் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். அவள் கண் முன்னால் பிடுங்குவேன். வேரில் என்ன இருந்தது, அவள் என்ன சொன்னாள், தண்ணீர் எந்தப் பாத்தி வரை போயிருக்கிறது என்பதை அடுத்த கிழமை இதே கொப்பியில் எழுதி உங்களுக்குக் காட்டுவேன். இனி எழுத்து சரியாக வரட்டும் என்று காத்திருக்க மாட்டேன்.