வெறுங்காலோடு மேடை ஏறியவர்கள்

“தம்பி, சயின்ஸ தமிழ்ல பேசுனா யாருலா வந்து உட்காருவா? பேசாம ஒரு டான்ஸ் ஐட்டம் குடுங்க. இல்லாட்டி உறுமி மேளம். கூட்டம் அள்ளும்.”

ஜொகூர் பாருவில் நடந்த அறிவியல் விழாவின் ஒருங்கிணைப்பாளர் என்னிடம் இப்படித்தான் சொன்னார். அவரும் தமிழர்தான், கெட்டவர் இல்லை. பெரியவர்களுக்கான மாலை உரைகள் அவர் பொறுப்பு. வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு மாலைகள், ஒரு மண்டபம், ஒவ்வோர் உரையோடும் ஒரு செய்முறைக் காட்சி. ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் உரை இருந்தது. தமிழுக்கு உறுமி மேளம் இருந்தது.

“டான்ஸ் தெரியாதுண்ணே. கரண்டு தெரியும்,” என்றேன்.

மூன்று முறை போய் நின்ற பிறகு வெள்ளிக்கிழமை முக்கால் மணி நேரம் கொடுத்தார். அது நன்றாக நடந்தால் ஞாயிற்றுக்கிழமையும் தமிழ் உரை. நடக்காவிட்டால் அந்த நேரம் மேஜிக் செய்பவருக்கு.

எனக்கு வெள்ளிக்கிழமையும் வேண்டும், அந்த ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும். காரணம் என் அம்மா. கூலாய்ப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பல வருடமாக வேலை. மேசையில் உட்காரும்போது மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டிக்கொள்ள வேண்டும்; அதிலிருந்து சுருள் ஒயர் ஒன்று மேசைக்குப் போகும். எதற்கென்று யாரும் சொன்னதில்லை. “போடு, இல்லாட்டி வார்னிங் லெட்டர்” என்பதோடு விளக்கம் முடிந்தது. “எந்திரிச்சு போயிறக் கூடாதுன்னு ஆட்ட கட்ற மாதிரி கட்றானுங்க,” என்றுதான் அம்மா இத்தனை வருடமும் நம்பியிருந்தார். எங்கள் வீட்டில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். தம்போய் வட்டாரத்தில், அளவைக் கருவிகளைச் சோதிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அந்தப் பட்டி எதற்கென்று அங்கே சேர்ந்த பிறகுதான் எனக்கும் தெரிந்தது; வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அவரோடு வேலை செய்பவர்களுக்கும் அதை அவர்கள் பேச்சிலேயே சொல்ல வேண்டும், அதுவும் மேடையில் நின்று. அவ்வளவுதான் ஆசை.

வெள்ளிக்கிழமை அம்மாவும் அவரோடு வேலை செய்யும் அக்காமார்களும் இரண்டு வேன்களில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். விழாக்காரர்களின் இயந்திரம் மேடையில் இருந்தது: தூண்மேல் ஓர் அலுமினியப் பந்து, தூணுக்குள் சுழலும் ரப்பர் பட்டை. பந்தில் நிலைமின்சாரம் சேரும். அதைத் தொட்டுக்கொண்டு நிற்பவரின் தலைமுடி சிலிர்த்துக்கொண்டு எழும். முந்தின நாள் ஆங்கில உரையில் ஒரு கல்லூரிப் பையனுக்கு முள்ளம்பன்றி மாதிரி எழுந்ததைப் பார்த்திருந்தேன்.

“யாராவது ஒருத்தங்க மேல வாங்க,” என்றேன். அம்மாவின் லைனில் வேலை செய்யும் ஓர் அக்கா வந்தார். வெள்ளிக்கிழமை என்பதால் தலை முழுகி, எண்ணெய் வைக்காமல் முடியை விட்டிருந்தார். எனக்கு மனசுக்குள் குஷி.

இயந்திரம் ஓடியது. அக்கா பந்தைத் தொட்டார். ஒரு முடிகூட அசையவில்லை.

“கண்ணாடி போட்டா தெரியுமாடா?” என்று கீழேயிருந்து ஒரு குரல். சிரிப்பு. அடுத்த அக்கா வந்தார். அவருக்கும் அசையவில்லை. ஓரமாக நின்ற அறிவிப்பாளர் பையன் மைக்கிலேயே, “அலமாக் பாங், மெசின் ரோசாக் கா?” என்றான். இயந்திரம் கெட்டுவிட்டதாம். ஒருங்கிணைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை என் கையை விட்டு நழுவுவது எனக்கே தெரிந்தது.

தலையைக் குனிந்தேன். அப்போதுதான் கால்கள் கண்ணில் பட்டன. அக்கா வெறுங்காலோடு நின்றார். படிக்கட்டின் அடியில் இரண்டு ஜோடிச் செருப்புகள். பக்கத்தில் என்னுடைய சப்பாத்து. மேடையென்றால் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். கோயில் கலைநிகழ்ச்சியானாலும் பள்ளி ஆண்டு விழாவானாலும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். நானும் கழற்றியிருந்ததால்தான் எனக்கு உறைக்கவே இல்லை. முந்தின நாள் பையன் தடித்த ரப்பர் சப்பாத்தோடு நின்றான். இவர்கள் உடம்பில் ஏறிய மின்சாரமெல்லாம் காலடியில் சிமெண்டுத் தரைக்குள் இறங்கிப் போயிருக்கிறது.

செருப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கி வந்து, “இது மேல நில்லுங்கக்கா,” என்றேன். மறுபடி ஓட்டினேன்.

முதலில் காதோரம் இரண்டு முடி. பிறகு தலை முழுவதும் எழுந்தது. மண்டபமே கத்தியது. “ஐயோ, காளியாத்தா!” என்று யாரோ கூவ, அக்கா சிரித்துச் சிரித்து முக்காலியில் ஆடினார். “இப்ப ஒரு கால தரையில வைங்க.” வைத்தார். முடி பொத்தென்று அடங்கியது.

“ஃபேக்டரில உங்க கையில கட்ற ஒயர் செய்றது இதே வேலதான்,” என்றேன். “நம்ம உடம்புல சேர்ற கரண்ட தரையில இறக்கிரும். அது நமக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா நீங்க தொடுற சிப்பு செத்துரும். அதுக்குத்தான்.”

அம்மா எழுந்தார்.

“அப்ப எங்கள கட்டிப் போடலயா?”

“இல்லம்மா.”

“இத சொல்றதுக்கு இத்தன வருஷமா ஒருத்தனுக்கும் வாய் வரலயா?”

கைதட்டல் கூரையைத் தொட்டது. அது எனக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். அது கோபம்.

முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்தார். “சூப்பர் தம்பி! ஞாயித்துக்கிழம பெரிய மேடையே தர்றேன். இங்கிலீஷ்ல பண்ணிருங்க, ஸ்பான்சர் வர்றாங்க. இந்த அக்காங்களயும் கூட்டிட்டு வாங்க. அந்த வெறுங்கால் சீன் நல்லாருக்கு, அப்படியே வச்சுக்கலாம்.”

“எங்கள என்ன சர்க்கஸ்னு நெனச்சீங்களாண்ணே?” என்று முக்காலி அக்கா கேட்டார். அவர் முகம் சிவந்துவிட்டது.

“தமிழ்ல நடக்கும்னு சொன்னீங்க. தமிழ்லனா வர்றேன்,” என்றேன்.

“அப்ப மேஜிக் ஷோதான் தம்பி. கோவிச்சுக்காதீங்க.”

“மேஜிக்கே வைங்க.”

வாசலில் வேனுக்குக் காத்திருந்தபோது அக்காமார்கள் விடவில்லை. மின்னல் ஏன் செம்பனை மரத்தைத் தேடி விழுகிறது? பெட்ரோல் ஊற்றும் எண்ணெய் நிலையத்தில் ஏன் கைபேசியை அணைக்கச் சொல்கிறார்கள்? “ஞாயித்துக்கிழம வாங்க, சொல்றேன்,” என்றேன். எங்கே என்று அம்மா கேட்டார். எதிரில் இருந்த கடைவரிசை நடைபாதையைக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் பேசினேன். இயந்திரம் இல்லை, மைக் இல்லை. வெள்ளிக்கிழமை வந்தவர்களோடு அவர்களுடைய கணவன்மார்களும் வந்திருந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் மேஜிக் பார்த்தவர்களின் கைதட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கும்போதெல்லாம் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.